முதல் கியர்

காராச்சிக்கொரைச் சாவடியில் எழுதிக்கொண்டார்கள்.
ஓட்டுநர்: மாதி, வயது ஐம்பத்தொன்று.
உடன் வருபவர்: இன்னாசி, சர்வேயர், தூத்துக்குடிப் பக்கம்.
பின்னால் இரண்டு மூட்டை யூரியா, ஒரு கிரைண்டர்,
நாற்பது கோழிக்குஞ்சு.

ஜீப்பின் இடது கதவை
நைலான் கயிற்றால் கட்டியிருக்கிறேன்.
ஏறியதும் அதைப் பார்த்தார்,
என்னைப் பார்த்தார்,
கயிற்றை இறுகப் பிடித்துக்கொண்டார்.

“எத்தனை கிலோமீட்டர் வரும்?”
வெயிலில் இருபத்தாறு.
மழையில் நாளை மறுநாள்.

இருபத்தாறை மட்டும் குறித்துக்கொண்டார்.

தார் முடிகிற இடத்தில் சத்தம் மாறும்.
டயருக்கடியில் கல் பேசத் தொடங்கும்.
எல்லாக் கல்லும் பழக்கம் என்று பீற்றிக்கொள்ளமாட்டேன்,
போன ஐப்பசியில் புரட்டிப் போட்டதில்
பாதி புதுமுகம்.
உசிலை, வெள்வேல், கிளுவை,
இலையை எண்ணிச் செலவழிக்கிற மரங்கள்.

தெற்கே மலை சுவராக நிற்கிறது.
அதன் உச்சியில் கோடநாட்டில்
இந்நேரம் யாரோ குல்லாவோடு தேநீர் குடித்தபடி
கம்பியைப் பிடித்துக் கீழே பார்ப்பார்கள்.
இந்தத் தடம் அவர்களுக்கு நூல்,
நூலில் ஊரும் புழுதிப் பொட்டு நாங்கள்.
மழை அங்கேயே இறங்கிக்கொள்கிறது,
அதன் டிக்கெட் அதுவரைக்கும்தான்.
எங்கள் நாக்கில் மண்.

மூன்றாவது பள்ளத்தில் தண்ணீர் இல்லை.
மணலில் சாப்பாட்டுத் தட்டைக் கவிழ்த்து எடுத்ததுபோல்
ஒரு தடம்.
விளிம்பு இன்னும் உதிரவில்லை.
எஞ்சினை அணைத்தேன்.

வளைவில் நின்றாள்.
அவள் காலிடுக்கில் இன்னும் நான்கு கால்கள், சின்னவை.

அப்போது பார்த்துக் குஞ்சுகள் விழித்தன.
ஓட்டத்தின் குலுக்கலில் தூங்கி வந்தவை
நாற்பதும் ஒரே குரலில்.
அவள் காதை விரித்தாள்.

இன்னாசி என்னிடம் எதுவும் கேட்கவில்லை.
பொத்தானைக் கழற்றிச்
சட்டையைப் பெட்டியின்மேல் விரித்தார்.
அவற்றுக்கு ராத்திரியானது.

அரை மணியா, ஒரு மணியா தெரியாது.
இருவர் கையிலும் கடிகாரம் இருந்தது,
யாரும் மணிக்கட்டைத் திருப்பவில்லை.
வலப்பக்கம் நிலம் திடீரென்று இல்லாமல்போய்
வெகு ஆழத்தில் மாயாறாக மறுபடி இருந்தது.
வெயில் சாயச் சாய எதிர்ச்சுவர் சிவந்தது,
செங்கல், பிறகு மிளகாய்ப் பழம்,
பிறகு பெயர் வைக்காத ஏதோ.
எங்களுக்குக் கீழே இரண்டு பாறு,
சிறகசைக்காமல்.
பறவையின் முதுகை முதன்முறை பார்க்கிறேன் என்றார்.

“எங்க ஊர்த் தேரிய எழுப்பி
நிக்க வச்ச மாதிரி இருக்கு.”
தேரியை நான் பார்த்ததில்லை.
காற்று போகிற பக்கம் மேடும் கூடவே போகுமாம்,
நட்ட அளவுக்கல்லை
மூன்றாம் நாள் தேட வேண்டுமாம்.
எல்லாம் காதோடு சொன்னார்,
பனியனோடு ஓர் அரசு ஊழியர்.

அவள் எப்போது போனாளென்று இருவருமே கவனிக்கவில்லை.
பாதையில் ஒடித்த கிளை,
பச்சை வாசனையோடு.

முதல் கியர். கல். கல்.

“கதவுக்கு என்னாச்சு?”
உமி வண்டியில் பிரசவத்துக்குப் போனாள் என்றுதான்
சொல்ல வாயெடுத்தேன்; இந்த வண்டிதான் அது.
பதினெட்டாவது கிலோமீட்டரில்
ஒரே உதை.
கதவு போச்சு, பையன் வந்தான்.
இப்போது மூன்றாம் வகுப்பு.
தார் போட்டால் நல்லதுதான் சார்,
போடுங்கள்.
போட்ட பிறகு இவள் எங்கே நிற்பாள்
என்பதையும் எங்காவது எழுதுங்கள்.

நோட்டைத் திறந்தார்.
குலுக்கலில் எழுத்து எப்படி விழுந்ததோ,
எட்டிப் பார்க்கவில்லை.

கரைக்கு வந்தபோது இருட்டு.
பரிசல்காரர் ரங்கன் யூரியாவை ஏற்றினார்,
கிரைண்டரைத் திட்டிக்கொண்டே ஏற்றினார்.
இன்னாசி கடைசியாக,
பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு.

சார், சட்டை என்று கத்தினேன்.
பரிசல் ஒரு சுற்று சுற்றி
அவர் முதுகை எனக்குக் காட்டியது.